ஒன்பது சிவாஜியை வரைந்தால் ஒன்பதும் சிவாஜிதானே? (பழைய படப் பாத்திரங்களை வரைவது பற்றி)

ஜூன் 2, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

பழைய தமிழ்ப் படப் பாத்திரங்களை வரிசையாக வரைகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் தருமியை வரைந்தால் பார்க்கிறவன் "நாகேஷ்" என்பான். கட்டபொம்மனை வரைந்தால் "சிவாஜி" என்பான். 'நவராத்திரி'யில் சிவாஜிக்கு ஒன்பது வேடம். ஒன்பதையும் வரைந்தால் ஒன்பது சிவாஜி படம்தான் கிடைக்கும். ஆக, பாத்திரத்தை வரைவது என்று தனியாக ஒன்று கிடையாது, நடிகரை வேஷத்தோடு வரைகிறோம், அவ்வளவுதான். மறுப்பு உண்டா?

ஜூன் 2, இரவு

உண்டு. ஒரே பதிவில் சொல்லி முடிக்க முடியாது, வரைய வரைய இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டபொம்மன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. கயத்தாறில் 1799இல் தூக்கிலிடப்பட்ட மனிதருக்கும் 1959இல் வந்த படத்தில் நடித்தவருக்கும் முகத்தில் சம்பந்தமே இருந்திருக்காது. ஆனால் இன்று பள்ளி விழாவில் பையனுக்குக் கட்டபொம்மன் வேஷம் போடச் சொன்னால் அம்மாக்கள் ஒட்டுவது சிவாஜியின் மீசையைத்தான். ஔவையாரும் அப்படியே. 1953க்குப் பிறகு பிறந்த பலருக்கு ஔவை என்றால் கே.பி.சுந்தராம்பாள். நடிகர் பாத்திரத்தை விழுங்கிவிட்டார் என்று சொல்லலாம். எனக்கென்னவோ பாத்திரம்தான் நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டது என்று படுகிறது.

'நவராத்திரி'யை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். என் வரிசைக்கு அதைவிட நல்ல பரீட்சை இல்லை. 1964, ஏ.பி.நாகராஜன் இயக்கியது, கறுப்பு வெள்ளை. ஒன்பது சுவைக்கு ஒன்பது ஆள். டாக்டர் இருக்கிறார், குடிகாரர் இருக்கிறார், தொழுநோயாளி, விவசாயி, கூத்துக்காரர், போலீஸ் அதிகாரி எல்லாம் உண்டு. மூக்கும் தாடையும் ஒன்றே. அந்த ஒன்பதையும் மீசை, தாடி, தொப்பி எதையும் நம்பாமல் வேறு வேறு ஆளாக நிறுத்த முடிந்தால் என் கட்சி ஜெயித்தது. முடியாவிட்டால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஜூன் 3

எதில் வரைகிறேன் என்று கேட்ட தம்பிக்கு: ஹார்ட்போர்டில் இரண்டு கோட் ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அடித்து, மேலே ஆயில். கான்வாஸ் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதோடு கான்வாஸின் நெசவு, சின்ன முகங்களில் கண்ணிமைக்கு அருகே தொந்தரவு செய்யும். போர்டு வழவழப்பாக இருக்கும், துடைத்துவிட்டுத் திரும்ப வரையலாம். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலம். தொடராக வரைபவர்கள் அளவை மாற்றாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் முகங்கள் ஒன்றோடொன்று பேசும்.

ஜூன் 9

மாதிரிப் படம் எங்கிருந்து எடுப்பது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். இது முக்கியமானது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

வழக்கமாக எல்லோரும் ஸ்டில் (படப்பிடிப்பில் எடுத்த புகைப்படம்) தேடுவார்கள். பத்திரிகையில் வந்தது, பாட்டுப் புத்தகத்து அட்டை, தியேட்டர் வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்கு நமக்கு அவ்வளவு கிடைக்கிறது. ஆனால் பாத்திரத்தை வரைய ஸ்டில் உதவாது என்பது என் அனுபவம். அந்தக் காலத்து ஸ்டில் பெரும்பாலும் காட்சி முடிந்த பிறகு, ஸ்டில் காமிராவுக்காகத் தனியாக நிற்கச் சொல்லி எடுத்தது. அந்த நிமிடம் நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார். உடுப்பு இருக்கும், ஒப்பனை இருக்கும், கண் மட்டும் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை வரைந்தால், கேள்வி கேட்ட நண்பர் சொல்கிற "வேஷம் போட்ட நடிகர்"தான் வரும்.

அதனால் நான் படத்தை ஓடவிட்டு நிறுத்தி, அந்தச் சட்டகத்தைப் பார்த்து வரைகிறேன். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பழைய படங்கள் நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பலர் அதை இப்போதைய டிவி திரைக்கு ஏற்பப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிடுகிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்மினி குண்டாகத் தெரிவார், எஸ்.வி.ரங்காராவ் கதவு அகலத்துக்கு இருப்பார், ஒல்லியான நாகேஷ் நம்மைப்போல இருப்பார். இப்படி இழுத்த முகத்தைப் பார்த்து வரைந்துவிட்டு "சாயல் வரவில்லையே" என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரிபார்க்க எளிய வழி: அந்தக் காட்சியில் வட்டமாக ஏதாவது தேடுங்கள். சுவர்க் கடிகாரம், வண்டிச் சக்கரம், நெற்றிப் பொட்டு, நேராகப் பார்க்கும் முகத்தின் கருவிழி. வட்டம் முட்டையாகப் படுத்திருந்தால் இழுத்த படம். அகலத்தை மட்டும் முக்கால் பங்காகக் குறையுங்கள், சாயல் தானே வந்து உட்காரும்.

ஜூன் 10

ஆமாம், மொபைலிலேயே செய்யலாம். உயரத்தைத் தொடாதீர்கள், அகலத்துக்கு மட்டும் 75 சதவீதம்.

ஜூன் 21

பத்து நாளாக ஒரே போர்டில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். 'மனோகரா'வில் அம்மாவாக வரும் கண்ணாம்பா. 1954. அந்த அம்மாள் பேசத் தொடங்கினால் கொட்டகையே நிமிர்ந்து உட்காரும் என்று என் பாட்டி சொல்வாள். அந்த வீறு எனக்கு வேண்டும். ஆகவே பேசும் நேரத்தில் நிறுத்தி, திறந்த வாயோடு வரைந்தேன்.

திறந்த வாய் ஓவியத்தில் பேசாது. இதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்களோ தெரியவில்லை. படம் ஓடும்போது உதடு அசைகிறது, குரல் வருகிறது, நம் கண் பல்லைப் பார்ப்பதே இல்லை. நிறுத்தி வரைந்தால் முதலில் கண்ணில் படுவது பல்தான். கோபம் சிரிப்பு மாதிரி ஆகிறது, அழுகை கொட்டாவி மாதிரி. பல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து வரையாமல் ஒரே மங்கலான பட்டையாக வைத்துப் பார்த்தேன், மேல் உதட்டின் நிழலைக் கீழே இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் அந்த வீறு வரவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். அந்தக் காலத்து நம் படங்கள் பேச்சிலேயே நிற்பவை. பராசக்தி குணசேகரன் என்றால் நீதிமன்ற வசனம். மனோகரன் என்றால் சங்கிலியோடு பேசும் வசனம். கட்டபொம்மன் என்றால் வரி கேட்டவனுக்குச் சொன்ன பதில். பாத்திரம் முழுக்க வாயில் இருக்கிறது. அந்த வாயை மூடிவிட்டு வரை என்று ஓவியனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? மீசையையும் கிரீடத்தையும் அழகாக வரைவான்.

இதற்கு நான் கண்ட வழி, வசனம் முடிந்த அடுத்த நொடியை எடுப்பது. கண்ணாம்பா பேசி முடித்து உதட்டை மூடுகிறார். மூச்சு வாங்குகிறது, கழுத்து நரம்பு இன்னும் இறுகியே இருக்கிறது, கண் எதிராளியை விட்டு நகரவில்லை. அந்தச் சட்டகத்தில் வாய் மூடியிருந்தாலும் பேசியது முகமெங்கும் இருக்கிறது. பழையதைச் சுரண்டிவிட்டு அதைத் தொடங்கியிருக்கிறேன். கழுத்து வந்துவிட்டது. தாடைக்குக் கீழே ஒரு நிழல் பாக்கி.

ஜூன் 22

"அப்படியானால் கட்டபொம்மனை எப்படி வரைவீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு என் எண்ணம், ஜாக்சன் துரையை வரைவது. சி.ஆர்.பார்த்திபன் நடித்தது. அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகம். அதைப் பார்த்தாலே எதிரில் யார் என்று தமிழ்நாட்டில் எவருக்கும் தெரியும்.

ஜூலை 1

இந்த வரிசையில் எனக்கு இதுவரை மிகவும் பிடித்தது முடிந்திருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் டி.எஸ்.பாலையா. நாகேஷ் படக்கதை சொல்ல, அவர் கேட்கும் காட்சி.

பலரும் அந்தக் காட்சியை நாகேஷ் காட்சி என்பார்கள். கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போட்டுக் கதை சொல்வது அவர்தானே. ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதை பாலையாவின் முகத்தில் ஓடுகிறது. முதலில் "சரி, பையன் ஏதோ சொல்கிறான்" என்ற பொறுமை. அப்புறம் ஒரு சின்ன ஆர்வம். பிறகு தன்னை அறியாமலே பயம், அந்தப் பயத்தை ஒளிக்கப் பார்க்கும் பெரிய மனிதத்தனம். பணக்கார அப்பா, பிள்ளைமேல் எரிச்சல் உள்ளவர், சுலபத்தில் ஏமாறுகிறவர், உள்ளே குழந்தை. நாலும் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுகின்றன.

எப்படி வரைந்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். பயந்த கண்ணுக்கும் கோபக் கண்ணுக்கும் வித்தியாசம் புருவத்தில் இருக்கிறது என்று நினைப்போம். இங்கே கருவிழிக்கு மேலே தெரியும் வெள்ளையில் இருக்கிறது. சாதாரணமாக மேல் இமை கருவிழியின் மேல்பகுதியைக் கொஞ்சம் மூடியிருக்கும். பயத்தில் இமை ஏறி, கருவிழிக்கு மேலே ஒரு கீற்று வெள்ளை தெரியும். அந்தக் கீற்று எவ்வளவு என்பதில்தான் எல்லாம். ஒரு நூல் கூடினால் பேய்ப் படம், ஒரு நூல் குறைந்தால் நலம் விசாரிக்கிற மாமா. அந்த இடத்தை மிகச் சின்ன பிரஷ்ஷால் வைத்து, காய்வதற்குள் துணியால் ஒற்றி, மறுபடி வைத்து, இப்படியே ஒரு சாயங்காலம் போயிற்று. வெள்ளை என்றாலும் வெள்ளை பெயின்ட் வைக்கவில்லை. இமையின் நிழல் விழுகிற இடம், அதனால் சாம்பல் கலந்த நீலம். சுத்த வெள்ளை கருவிழியின் மின்னலுக்கு மட்டும், ஊசிமுனை அளவு.

இன்னொன்று தாடை. பயப்படுகிறவர் முகத்தைப் பின்னுக்கு இழுக்கிறார். தாடைக்குக் கீழே சதை மடிகிறது. அந்த மடிப்பை அழகுக்காக நீக்கினால் பாலையா இருப்பார், பாத்திரம் போய்விடும்.

இதை முடித்த பிறகு என் தங்கை மகளிடம் காட்டினேன். கல்லூரி முதலாம் ஆண்டு, அந்தப் படம் பார்த்ததில்லை, பாலையா யார் என்றும் தெரியாது. "இந்தத் தாத்தாவுக்கு யாரோ பேய்க்கதை சொல்றாங்க" என்றாள். கேள்வி கேட்ட நண்பரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? நடிகரைத் தெரியாத ஒருத்திக்குப் பாத்திரம் தெரிந்துவிட்டது.

ஜூலை 2

நண்பரின் பதில்: "ஒரு சோற்றைப் பதம் பார்க்காதீர்கள், பாலையா ஒரு வேடம்தான். ஒரே ஆளை மூன்று வேடத்தில் வரைந்து பக்கத்தில் வையுங்கள்." நியாயம். பாலையாவையே எடுத்துக்கொள்கிறேன். 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர், 'காதலிக்க நேரமில்லை' அப்பா. மூன்றிலும் அவர் எதையோ கேட்கிறார் என்பது வசதி.

ஜூலை 2, இரவு

சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலையாவும் எம்.ஜி.ஆரும் ஒரே படத்தில்தான் அறிமுகம். 1936, 'சதி லீலாவதி', எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கியது. எங்கள் நெல்லைச் சீமைக்காரர் பாலையா. வில்லனாக வந்து, அப்பாவாகி, கடைசியில் எல்லோரையும் சிரிக்க வைத்தவர். இன்னும் ஒழுங்கான புத்தகம் ஒன்று அவரைப் பற்றி என் கைக்கு வரவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஜூலை 19

நிறம் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது, நான் ஊரில் இல்லாத நேரத்தில். என் பங்குக்கு.

கறுப்பு வெள்ளைப் படப் பாத்திரத்தை வண்ணத்தில் வரையலாமா? நான் வரைவதில்லை. தூய்மைவாதம் ஒன்றும் இல்லை. 'அந்த நாள்' மாதிரி ஒரு படத்தில் ஒளியும் நிழலும்தான் பாத்திரத்தைப் பாதி செய்திருக்கின்றன. 1954, எஸ்.பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுகூட இல்லாத படம். சுடப்பட்டுச் செத்த ராஜனைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், கதைக்கு ஒரு ராஜன் தெரிகிறான். பண்டரிபாயின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக விழுகிறதே, அந்த இருட்டுக்குள் தோல் நிறத்தைப் போட்டால் அவர் மறைக்கிறது எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஆனால் சாம்பலிலும் வகை உண்டு. ஐவரி பிளாக்கும் டைட்டானியம் ஒயிட்டும் கலந்தால் வருவது செத்த சாம்பல், நீலம் ஓடும். முகத்துக்கு ஆகாது. நான் அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பையும் கலந்து கறுப்பைச் செய்துகொள்கிறேன். வெளிச்சப் பக்கம் அம்பர் கொஞ்சம் தூக்கல், நிழல் பக்கம் நீலம் தூக்கல். தூரத்தில் பார்த்தால் கறுப்பு வெள்ளை. கிட்டே வந்தால் ரத்த ஓட்டம் இருக்கும்.

ஈஸ்ட்மேன் கலர் படங்கள் வேறு வகைத் தொல்லை. அந்தக் காலப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. இணையத்தில் கிடைக்கிற சில பிரதிகளில் கைலாயமே ரோஜா நிறத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து "அந்தக் காலத்தில் அப்படித்தான் செட் போட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. சாயம் போனது. தலைமுடியைப் பாருங்கள், அது கறுப்பாக இல்லாமல் அரக்குச் சிவப்பாக இருந்தால் மொத்தப் படமும் சிவப்பு ஏறியது என்று அர்த்தம். முடியைக் கறுப்பாக்க எவ்வளவு பச்சையும் நீலமும் சேர்க்க வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவை மற்ற இடத்துக்கும் மனதில் சேர்த்துக்கொண்டு வரையுங்கள்.

'நாடோடி மன்னன்' பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், முன்பாதி கறுப்பு வெள்ளை, பிறகு கேவா கலர். 1958. ஒரே படத்தில் இரண்டு விதமாகவும் எம்.ஜி.ஆரைப் பார்க்கலாம். அதை இரட்டை ஓவியமாக, ஒரு போர்டு சாம்பலில், ஒன்று வண்ணத்தில் வரையலாம் என்ற உங்கள் யோசனை அருமை. நீங்களே வரையுங்கள், நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.

ஜூலை 20

'மாயா பஜார்' கடோத்கஜனுக்கு விதிவிலக்கு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். தெலுங்குப் படத்தை 2010இல் வண்ணமேற்றி வெளியிட்டார்கள். பார்த்தேன், உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி 1957இல் வைத்த ஒளி கறுப்பு வெள்ளைக்காகவே வைத்தது. கடோத்கஜனாக வரும் ரங்காராவின் கவசத்திலும் கதாயுதத்திலும் ஓடும் மினுமினுப்பு சாம்பலில்தான் உலோகமாகத் தெரிகிறது. நான் சாம்பலிலேயே வரைவேன். வயிற்றில் இருந்து வரும் சிரிப்பை மட்டும் எப்படி வரைவது என்று இன்னும் யோசிக்கிறேன். தோள் தூக்கலில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4

பேனர் ஓவியர்களைப் பற்றி ஒருவர் "அவர்கள் காப்பி அடித்தார்கள், அது கலை இல்லை" என்று எழுதியதைப் படித்தேன். எனக்கு இதில் சொல்ல உண்டு.

என் சித்தப்பா திருநெல்வேலியில் தியேட்டர்களுக்குப் பேனர் எழுதியவர். "எழுதுவது" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசி, கையகல ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் நூல் சுண்டிப் பெரிதாகப் போடுவார். ஒரு கட்டத்துக்குள் ஒரு கண் மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கும். சாரத்தில் நின்றுகொண்டு, முழு முகத்தைப் பார்க்கவே முடியாமல், கிட்டத்தில் இருந்து வரைய வேண்டும். கீழே இறங்கி எதிர்ச்சாரிக்குப் போய்ப் பார்ப்பார், திரும்ப ஏறுவார்.

கன்னத்தில் பச்சை, நெற்றியில் மஞ்சள், தாடையில் ஊதா, மூக்குத் தண்டில் ரோஸ். கிட்டே பார்த்தால் காயம் பட்ட முகம் மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு உயிரோடு தெரியும். கறுப்பு வெள்ளை ஸ்டில்லைப் பார்த்து அந்த நிறங்களை எங்கிருந்து எடுத்தார்? ஸ்டில்லில் இல்லை. காப்பி அடித்தார் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கும் முந்தைய வழி ஒன்று உண்டு. கோவில்பட்டியில் இருந்த சி.கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர், பிறகு சிவகாசிக் காலண்டர்களுக்கு முருகனையும் லட்சுமியையும் வரைந்தார். நாடகத் திரை, காலண்டர், சினிமா பேனர், மூன்றும் எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த வீடுகள். நடிகர் சிவகுமார் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார் என்பதும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது.

ஃப்ளெக்ஸ் வந்ததும் சித்தப்பாவின் வேலை நின்றது. பிறகு கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினார், லாரிக்குப் பின்னால் மயில் எழுதினார். நான் முகத்தில் நீலம் வைக்கத் துணிவது அவர் கையைப் பார்த்து வந்தது.

ஆகஸ்ட் 5

கட்டம் போடுவது, ப்ரொஜெக்டர் வைத்துக் கோடு எடுப்பது எல்லாம் தப்பா? தப்பில்லை. சாயலை அது தரும். சாயல் பத்தில் மூன்று பங்கு. மீதியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30

தருமி. நாகேஷுக்கு அம்மை வந்து முகத்தில் தழும்புகள் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. அதை வரைய வேண்டுமா என்று தயங்கினேன். 'திருவிளையாடல்' பிரதியில் ஒப்பனையும் தேய்மானமும் சேர்ந்து அதை ஏறக்குறைய மறைத்துவிட்டன. கடைசியில் மெல்லிதாக வைத்தேன். சோற்றுக்கில்லாத புலவனின் முகம் வழவழவென்று இருக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த முகத்தோடு அவர் வந்து நின்றது தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த பேறு. அதை நான் ஏன் அழிக்க வேண்டும்?

ஆனால் தருமியில் என்னைத் தொல்லைப்படுத்தியது முகமே இல்லை, கை. கோயிலில் தனியாகப் புலம்புகிறாரே, அங்கே அந்தக் கைகளைப் பாருங்கள். ஒன்று கெஞ்சுகிறது, மற்றது தனக்குத்தானே கணக்குச் சொல்கிறது. முதல் போர்டில் தோள் வரைக்கும் மட்டும் வரைந்தேன், ஆள் யார் என்று தெரிந்தது, வறுமை தெரியவில்லை. இரண்டாவதில் மார்புவரை இறக்கி, இரண்டு கையையும் உள்ளே கொண்டுவந்தேன். உடனே வந்தார் தருமி. இந்தத் தொடரில் கை உள்ள ஓவியம் இது ஒன்றுதான், அளவை மாற்றாமலே இடம் கண்டுபிடிக்க முகத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. அதனால் பரவாயில்லை, கூனிய உடம்புக்கு அது பொருந்தவே செய்கிறது.

செப்டம்பர் 14

ஒரு எச்சரிக்கை. பிரேம் போடக் கொடுத்த கடையில் கண்ணாடியை நேராக ஓவியத்தின் மேலேயே படிய வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். ஆயில் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். வெயிலில் இருந்த சுவர், இளகி ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது தவில்காரரின் கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசளவு பெயின்ட் கண்ணாடியோடு போய்விட்டது. ஆயில் ஓவியத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமானால் நடுவில் மவுன்ட் (ஓரத்து அட்டை) வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கன்னத்தைத் திரும்ப எழுதிவிட்டேன். முன்னைவிட நன்றாகவே வந்திருக்கிறது, வாசிப்பவரின் கன்னம் அல்லவா, கொஞ்சம் வியர்வை மினுக்கும் சேர்த்தேன்.

செப்டம்பர் 15

மூன்று பாலையாவும் முடிந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மேலே போட்டிருக்கிறேன். ஹேமநாத பாகவதரை, விறகுவெட்டியின் பாட்டை ராத்திரியில் கேட்டு அதிரும் இடத்தில் எடுத்தேன். அதுவரை அண்ணாந்தே இருந்த தாடை முதல் தடவையாகக் கீழே இறங்குகிறது. தவில்காரர் நாதஸ்வரத்தைக் கேட்கிறார், அதில் தாடை பக்கவாட்டில் சாய்ந்து, கண் பாதி மூடி, உடம்பு முழுக்கத் தாளம். அப்பாவின் தாடை பின்னுக்கு. ஒரே தாடை, மூன்று திசை. மீசை, குடுமி, உடுப்பு எல்லாவற்றையும் தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

'தில்லானா'வைப் பற்றி இன்னொன்று. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது கோபுலு அந்தப் பாத்திரங்களை வரைந்துவிட்டார். 1968இல் படம் வருவதற்கு முன்பே சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் வைத்திக்கும் காகிதத்தில் முகம் இருந்தது. நடிகரே இல்லாத காலத்தில் பாத்திரத்தை வரைந்திருக்கிறார்கள், நண்பரே. உங்கள் கேள்விக்கு கோபுலு அப்போதே பதில் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 6

'நவராத்திரி' ஒன்பதுக்கு வருகிறேன்.

ஆறு முடிந்தது. டாக்டர், விவசாயி, குடிகாரர், போலீஸ் அதிகாரி, தொழுநோயாளி, கூத்துக்காரர். இவற்றில் நான்கு தனித்தனி ஆட்களாக நிற்கிறார்கள். விவசாயியின் கழுத்து ஒன்றே போதும், அதில் அவசரமே இல்லை. டாக்டர் எதிராளி பேசும்போது கண்ணைத் தாழ்த்துகிறார், போலீஸ்காரர் ஒருபோதும் தாழ்த்துவதில்லை. தொழுநோயாளியை வரையும்போது 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதா கையில் வந்து நின்றுகொண்டே இருந்தார். ராதாவின் ஆள் நோயிலும் உலகத்தைக் குத்திக்கொண்டிருப்பவன், இவர் உலகத்திடம் இருந்து முகத்தை மறைக்கிறவர். ஒப்பனை ஏறக்குறைய ஒன்றுதான். பார்வை நேர் எதிர். அதைப் பிடித்த பிறகு ராதா விலகிக்கொண்டார்.

மற்ற இரண்டு, குடிகாரரும் கூத்துக்காரரும், இன்னும் சிவாஜியாகவே இருக்கிறார்கள். அங்கே நண்பருக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். கூத்துக்காரர் வேஷத்துக்குள் வேஷம். அவர் உடம்பு பூராவும் நடிப்பு, ஓய்ந்து எதையும் கேட்கிற நேரம் மிகக் குறைவு. எனக்குப் பிடி கிடைக்கிற இடம் அவரிடம் சிறியது.

ஆனால் ஒன்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே சாவித்திரி இருக்கிறார். வீட்டை விட்டு வந்த நளினா. ஒன்பது பேரும் அவரிடம்தான் பேசுகிறார்கள், அவர்தான் கேட்கிறார், பயப்படுகிறார், இரக்கப்படுகிறார், சிரிக்கிறார். ஒன்பது சிவாஜியை வரையச் சொன்னால் எல்லோரும் வரைவார்கள். ஒரே சாவித்திரியை ஒன்பது பேருக்கு எதிரே வரைந்தால்? முகம் மாறாது, ஒரே பெண். ஒவ்வொரு போர்டிலும் எதிரே யார் என்பது அவர் முகத்தில் தெரிய வேண்டும். கேள்வி கேட்ட நண்பர் சொன்ன பரீட்சையைவிட இது கடினம்.

ஆகவே மீதி மூன்று சிவாஜியை ஒத்திவைத்துவிட்டேன். சாவித்திரி ஒன்பது.

அக்டோபர் 7

நண்பரின் பதில்: "அப்போதும் ஒன்பது சாவித்திரிதானே?"

ஆமாம். ஒன்பது நளினா என்று நான் சொல்கிறேன். வரைந்து காட்டுகிறேன்.

அக்டோபர் 19

முதல் சாவித்திரி முடிந்தது, தொழுநோயாளிக்கு எதிரே. அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்தால் அருவருப்பு ஒரு கண நேரம்தான். அதன்பிறகு வருவது வேறு. அவர் உதடு அழுத்தி மூடியிருக்கிறது, கண்ணோ மூக்கோ சுருங்கவில்லை. பெரிய அழகியாக வரைந்தே பழகிய கைக்கு அந்தக் கன்னத்தின் கீழ்ப்பாதியைத் தொங்கவிட மனம் வரவில்லை, ஆனாலும் விட்டேன். படம் மேலே.

இந்தப் படத்தின் இழுக்கப்படாத நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். என்னிடம் உள்ளதில் குடிகாரர் காட்சி முழுக்க மழைக்கோடு, பிரதி தேய்ந்து விழுந்த கீறல்கள். கூடவே, 'மாயா பஜார்' தமிழ்ப் பிரதியும் வேண்டும், கடோத்கஜனின் தோள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.